முந்திரிக்காட்டில் ஓர் ஆப்பிள்

"ஃபால்ஸ் ஃப்ரூட். டூ மார்க்" என்று தொடங்கினாள் அக்கா மகள். சூற்பையைத் தவிர்த்து மலரின் வேறொரு பாகம் பருத்துக் கனியானால் அது பொய்க்கனி என்று பொருள்படும் ஓர் ஆங்கில வாக்கியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். "எக்ஸாம்பிள், ஆப்பிள்" என்று முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

போன ஏப்ரல். குள்ளஞ்சாவடியில் எங்கள் வீட்டுப் பின்பக்கத் திண்ணை. அவளுக்கு நாலடி தள்ளி என் அக்கா, அதாவது அவளுடைய அம்மா, ஒரு குவியல் முந்திரிப்பழத்தின் முன் உட்கார்ந்து ஒவ்வொரு பழத்திலிருந்தும் கொட்டையைத் திருகிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். கொட்டைதான் காசு. பழம் மாட்டுக்கும் குப்பைக்கும்.

"ஏம்மா, முந்திரிப்பழமும் பொய்க்கனிதான் தெரியுமா?" என்றேன். ஏதோ பெரிய அறிவாளி மாதிரி. உண்மையில் முந்தின நாள் ராத்திரி அவளுடைய புத்தகத்தைப் புரட்டும்போதுதான் எனக்கே அது தெரிந்தது. முப்பத்தைந்து வயதாகிறது எனக்கு. முந்திரிக்காட்டில் பிறந்து வளர்ந்தவன். ப்ளஸ் டூ உயிரியலில் 200க்கு 187 வாங்கியவன்.

அவள் குவியலைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த ஜெராக்ஸைப் பார்த்தாள்.

"நோட்ஸ்ல ஆப்பிள்தான் மாமா இருக்கு."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. அவளைக் குறை சொல்வதற்கு அல்ல. அவள் செய்தது முழுக்க முழுக்கச் சரியான கணக்கு. அந்தக் கணக்கைச் சரியாக்கி வைத்திருக்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் முந்திரியை முடித்துவிடுகிறேன். மஞ்சளாகவோ சிவப்பாகவோ, மிளகாய்ப்பழ மினுமினுப்பில் தொங்குகிறதே, அது கனி இல்லை. பூக்காம்பு. பூவைத் தாங்கி நின்ற காம்பு சதைப்பற்றாகி வீங்கியது. அதன் அடியில் சிறுநீரக வடிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற கொட்டைதான் சூற்பையிலிருந்து வந்த அசல் கனி. கொட்டைதான் முதலில் உருவாகும். காம்பு அதற்குப் பிறகே பருக்கும். பெரியவர்கள் பேச்சுக்கு நடுவே மூக்கை நுழைக்கிற பிள்ளையை "முந்திரிக்கொட்டை" என்று திட்டுகிறோமே, அந்த வசவுக்குள் ஒரு தாவரவியல் பாடம் இருக்கிறது. பழத்துக்கு முன்னால் வந்து நிற்கிற கொட்டை. போர்த்துகீசியர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம், நம் ஊருக்கு வந்து சில நூறு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் பேச்சு அதைக் கவனித்து ஒரு சொல்லாக்கி வைத்துக்கொண்டது. பல்கலைக்கழகத் தேர்வுக்குத் தயாராகிற பிள்ளை கையில் இருக்கிற ஜெராக்ஸ் கவனிக்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் ஆப்பிள் மரத்தைப் பார்த்ததில்லை. ஆப்பிளைப் பார்ப்பது ஆஸ்பத்திரியில், யாருக்காவது உடம்பு சரியில்லாதபோது.

உயிரியல் தேர்வு என்றதும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் நீட்தான் ஞாபகம் வரும். 720க்கு 360 மார்க் உயிரியல், தப்பானால் ஒரு மார்க் போச்சு, அனிதா, வழக்கு, சட்டமன்றத் தீர்மானம். அந்தச் சண்டை நியாயமானது. நானும் அதில் ஒரு பக்கம் நிற்கிறவன்தான். ஆனால் நம்முடைய பேச்செல்லாம் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறது. அந்த வாசலில் நுழைய முடியாத பிள்ளைகள் அப்புறம் எங்கே போகிறார்கள்? நர்சிங் கிடைக்கவில்லை, பாராமெடிக்கலுக்குப் பணம் இல்லை, சரி, அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியலோ விலங்கியலோ. அந்த முதலாண்டு வகுப்பறையைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? அங்கேயும் ஒரு உயிரியல் தேர்வு நடக்கிறது. அதற்குக் கோர்ட்டும் இல்லை, கொடியும் இல்லை. ஜெராக்ஸ் கடை மட்டும் இருக்கிறது.

அக்கா மகள் தமிழ் வழியில் படித்தவள். முதல் பருவத்தில் செல் உயிரியல் பேப்பரில் அரியர். அதைக் கேட்டதும் அவள் அப்பா சொன்னது ஒரே வரி: "இன்னொரு தடவை போச்சுன்னா நிறுத்திடலாம்." நிறுத்துவது என்றால் என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு வருஷத்துக்குள் பத்திரிகை அடித்துவிடுவார்கள். அக்கா ஒன்றும் பேசவில்லை. எனக்குப் போன் பண்ணினாள். "பத்து நாள் லீவு போட முடியுமாடா? நீதான் பாஸ் பண்ற வழி தெரிஞ்சவன்."

அக்கா சரியாகத்தான் சொன்னாள். எனக்குத் தெரிந்தது பாஸ் பண்ணுகிற வழி. அந்தக் காலத்து ப்ளஸ் டூவில் ப்ளூபிரிண்ட் என்று ஒன்று உண்டு. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் வரும் என்கிற வரைபடம். அதை வைத்துக்கொண்டு எதைப் படிக்கக் கூடாது என்று முடிவு பண்ணுவதில் நான் மன்னன். இந்தப் பேப்பரையும் அதே கண்ணோடுதான் பார்த்தேன். 75 மார்க். பத்து இரண்டு மார்க், ஐந்து ஐந்து மார்க், பத்து மார்க் கேள்வி ஐந்தில் மூன்று எழுதினால் போதும். மொத்தம் ஐந்து யூனிட். பாஸ் மார்க்குக்கு மூன்று யூனிட் தாராளம். அந்த மூன்றிலும் கடந்த ஐந்து வருஷக் கேள்வித்தாள்களை அடுக்கிப் பார்த்தால், வந்த கேள்விகளே சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கும். போன பருவம் அவளும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறாள். விட்ட யூனிட்டிலிருந்து இரண்டு கேள்வி கூடுதலாக வந்து கவிழ்த்துவிட்டது. சூதாட்டத்தில் தோற்றவள். படிப்பில் தோற்றாளா என்பது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதை யாரும் சோதிக்கவே இல்லை.

என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஒரு ப்ரோக்ராம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க டெஸ்ட் எழுதுவோம். டெஸ்ட் மொண்ணையாக இருந்தால், சோம்பேறி டெவலப்பர் கணக்கே போடாமல் விடையை நேராக உள்ளே எழுதிவைத்துவிடுவான். ஹார்ட்கோட். எல்லா டெஸ்டும் பச்சை விளக்கு காட்டும். வாடிக்கையாளர் கைக்குப் போன அன்றைக்கு எல்லாம் கவிழும். அப்போது எங்கள் ஆபீஸில் திட்டு இரண்டு பேருக்கு விழும்: எழுதியவனுக்கும், அந்த டெஸ்டை எழுதியவனுக்கும். உயிரியல் தேர்வில் மட்டும் எப்போதும் மாணவிக்குத்தான் திட்டு. "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் புரிஞ்சு படிக்கிற பழக்கமே இல்ல." புரிந்து படித்தவளுக்குக் கூடுதலாக ஒரு மார்க் போடுகிற கேள்வி ஒன்றையாவது கேட்டீர்களா, ஐயா?

இந்த இடத்தில் மனப்பாடத்தை நாலு சாத்து சாத்திவிட்டுக் கைதட்டல் வாங்குவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உயிரியல் பெயர்களால் ஆன துறை. சூற்பைக்கும் பூத்தளத்துக்கும் பூக்காம்புக்கும் வித்தியாசம் நினைவில் இல்லாதவனால் முந்திரியைப் பார்த்துக் கேள்வியே கேட்க முடியாது, நானே சாட்சி. சொல் இல்லாதவனுக்குக் கண்ணும் இல்லை. ஆகவே அந்தப் பத்து நாளும் மனப்பாடம்தான் செய்தோம். செய்த விதத்தை மாற்றினோம். அவள் வழக்கம் என்னவென்றால் ஒரு பக்கத்தைப் பத்துத் தடவை படிப்பது. படிக்கப் படிக்க வரிகள் பழகிப்போகும். பழகியதை மனசு தெரிந்ததாக எண்ணிக்கொள்ளும். ரோடிகர், கார்பிக்கி என்று இரண்டு உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்தார்கள். மாணவர்களில் ஒரு சாராரைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு சாராரைப் படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மூடிவைத்து எழுதியவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள்.

ஆகவே நோட்டை மூடு, வெள்ளைத் தாளை எடு, செல்லை வரை, பாகங்களைக் குறி, பிறகு திறந்து பார்த்துச் சிவப்பு மையில் திருத்து. மறுநாள் அதையே திரும்ப. மூன்று நாள் விட்டு இன்னொரு தடவை. முதல் நாள் அவள் வரைந்த செல்லில் நான்கு பாகம் இருந்தது. அழுதாள். "பத்துத் தடவை படிச்சேன் மாமா, எல்லாம் வந்துச்சே." அதுதான் சிக்கல்மா, பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லாம் வரும். ஆறாவது நாள் பதினோரு பாகம் வந்தது.

மைட்டோகாண்ட்ரியாவில்தான் நான் முழுசாகக் கோபப்பட்டேன். "பவர்ஹவுஸ் ஆஃப் த செல்." உலகத்தில் உயிரியல் படித்த எவருக்கும் கடைசி வரை மிஞ்சுகிற ஒரே வாக்கியம். ஃபிலிப் சீக்கிவிட்ஸ் என்கிற உயிரியலாளர் 1957இல் ஒரு கட்டுரைக்குத் தலைப்பாக வைத்துப் பரவியது. அதே 1957 மே மாதம்தான் நேரு நெய்வேலிக்கு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் நெய்வேலிக்குப் பக்கத்து ஊரில், தாத்தா அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த வீட்டில் ஒரு பிள்ளை "பவர்ஹவுஸ்" என்று எழுதி இரண்டு மார்க் வாங்கும்போது, பவர்ஹவுஸுக்குள் என்ன நடக்கிறது என்று யாருமே அவளைக் கேட்டதில்லை என்பதற்குச் சம்பந்தம் இருக்கிறது.

கேட்டேன். பவர்ஹவுஸில் என்ன நடக்கும்? தயங்காமல் சொன்னாள். "கரியை எரிப்பாங்க. தண்ணி கொதிக்கும். ஆவி போய் டர்பைனச் சுத்தும். கரண்டு வரும். தாத்தா சொல்லியிருக்கார்." சரி. மைட்டோகாண்ட்ரியாவில் என்ன எரிகிறது? தண்ணீர் எங்கே கொதிக்கிறது? அமைதி.

அங்கிருந்துதான் தொடங்கியது. உணவிலிருந்து பிரிந்து வருகிற எலெக்ட்ரான்கள் உட்சவ்வில் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேருகின்றன. அந்தக் கைமாற்றத்தில் கிடைக்கிற ஆற்றலைக் கொண்டு புரோட்டான்கள் சவ்வுக்கு அந்தப் பக்கம் இறைக்கப்படுகின்றன. ஒரு பக்கம் கூட்டம் சேர்ந்ததும் அவை திரும்பி வரப் பார்க்கும். திரும்புகிற பாதையில் ஒரு புரதம் நிற்கிறது. அவை அதைச் சுழற்றிக்கொண்டுதான் வர முடியும். அந்தச் சுழற்சியில் ஏ.டி.பி. உண்டாகிறது. இதைப் பீட்டர் மிட்செல் 1961இல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் நோபல் கொடுத்தார்கள். அந்தப் புரதம் உண்மையிலேயே விசிறி மாதிரிச் சுற்றுவதை 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்தே விட்டார்கள்.

அவள் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இது நெய்வேலி இல்ல மாமா. மேட்டூரு."

நான் பெங்களூரில் இருக்கிற ஆபீஸில் ஆயிரம் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு துல்லியமான ஒரு வாக்கியத்தை அங்கே கேட்டதாக நினைவில்லை. வெப்பத்தால் ஓடுவது இல்லை, தேக்கிவைத்துத் திறந்துவிடுவதால் ஓடுவது. அணை. பக்கத்தில் அனல்மின் நிலையம் இருக்கிற பிள்ளைக்குத்தான் அந்த உவமை எங்கே உடைகிறது என்று சட்டென்று தெரியும். இதற்குத் தேர்வில் எத்தனை மார்க்? பூஜ்யம். "பவர்ஹவுஸ் ஆஃப் த செல் எது?" என்றுதான் கேள்வி வரும். ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை ஏ.டி.பி.? ஜெராக்ஸில் 38. இப்போதைய பல்கலைக்கழகப் புத்தகங்கள் 30 அல்லது 32 என்கின்றன. "எதை எழுதட்டும்?" என்று கேட்டாள். 38 எழுது என்றேன். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன்; நன்றாகத் தூங்கினேன். ஆனால் சொல்லும்போது வாய் கசந்தது.

மொழியையும் சொல்ல வேண்டும். பள்ளியில் அவள் படித்தது பசுங்கணிகம், மறைமுகப் பிரிவு, குன்றல் பிரிவு. கல்லூரியில் முதல் நாளே அதெல்லாம் செல்லாத நோட்டு. குன்றல் பிரிவு அவளுக்கு நன்றாகவே தெரியும். குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகக் குன்றுவதால் அந்தப் பெயர் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். மியாசிஸ் என்று பார்த்ததும் அது வேறேதோ என்று நினைத்துப் புதிதாக மனப்பாடம் பண்ணியிருக்கிறாள். ஒரே விஷயம் இரண்டு பெட்டிகளில், நடுவே கதவு இல்லாமல். ஆங்கில வழிப் பாடமானாலும் உள்ளூர் மொழியில் தேர்வெழுத மாணவர்களை அனுமதிக்கும்படி 2023 ஏப்ரலில் யு.ஜி.சி. பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அவளுக்கு வகுப்பில் சொல்லப்பட்டது: "இங்கிலீஷ்ல எழுதினாத்தான் மார்க் விழும்." யார் சொன்னார்கள், எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். அது ஒரு இடத்து வழக்கம் இல்லை என்பது இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். விரிவுரையாளராக இருக்கிற நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ கேட்கிற மாதிரி கேள்வி போட்டா முக்கால்வாசி பேர் ஃபெயில். அப்புறம் உங்க அக்கா மகளை மாதிரி பிள்ளைங்களத்தான் வீட்ல நிறுத்துவாங்க. நாங்க ஈசியா போடறது இரக்கத்துலப்பா." இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியவில்லை. கௌரவ விரிவுரையாளர்களின் தோளில் ஓடுகிற கல்லூரிகள், திருத்தக் கட்டுக்கட்டாகத் தாள்கள், ஒவ்வொன்றுக்கும் சில நிமிஷம். விடைக்குறிப்பில் ஆப்பிள் என்றிருந்தால் ஆப்பிளைத் தேடுகிற கண்ணுக்குத்தான் நேரம் இருக்கும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் இந்த இரக்கம் யாரைக் காப்பாற்றுகிறது? முதல் பருவத்தில் அவளைக் காப்பாற்றவில்லையே. ஊகிக்கக்கூடிய கேள்வித்தாள் ஏழைப் பிள்ளைக்குச் சாதகம் என்பது பொய். அது நன்றாக ஊகிக்கத் தெரிந்தவனுக்குச் சாதகம். ஐந்து வருஷத் தாளைச் சேகரித்து வைத்திருக்கிற சீனியர், டியூஷன், என்னை மாதிரி ஒரு மாமா, இவர்கள் இருக்கிற பிள்ளைக்குச் சாதகம். அவளிடம் இல்லாதது அந்த வலைப்பின்னல். அவளிடம் இருப்பது வேறு: பின்பக்கத்து முந்திரி, தாத்தாவின் பவர்ஹவுஸ், அம்மாவின் கை. கேள்வித்தாள் அவளிடம் இல்லாததை மட்டுமே கேட்கிறது.

கை என்றேன். அக்கா பருவம் முடிந்ததும் கொட்டை உடைக்கப் போவாள். விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் செய்கிற வேலை. முந்திரி, மா, சேங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணாவதும் அக்காவின் விரல் வெந்துபோவதும் நெருங்கிய சொந்தக்காரச் சங்கதிகள். அந்தக் குடும்பத்தின் பண்புகளை வகைப்பாட்டியலில் பத்து மார்க்குக்குப் பட்டியலாகப் படிக்கிறாள் மகள். "இந்தக் குடும்பத் தாவரங்களைக் கையாள்கிற தொழிலாளருக்கு என்ன நேரும், ஏன்?" என்று ஒரு ஐந்து மார்க் கேள்வி வைத்தால் தமிழ்நாட்டில் முதல் மதிப்பெண் எங்கள் பக்கம்தான் வரும்.

இன்னொன்று. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்து எங்கள் பக்கத்து முந்திரியையும் பண்ருட்டிப் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு எங்கள் தோப்பில் நட்டதெல்லாம் ஒட்டுக்கன்று. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் தந்த வி.ஆர்.ஐ. 3. கொட்டை போட்டு முளைத்தது தாய் மரம் மாதிரிக் காய்க்காது, ஒட்டு அப்படியே காய்க்கும் என்று படிக்காத என் மச்சானுக்கும் தெரியும். ஏன்? அயல் மகரந்தச் சேர்க்கை, குன்றல் பிரிவு, மரபணுக் கலப்பு, குளோன், ஒரு பருவத்துப் பாடம் முழுவதும் அந்த "ஏன்"னுக்குள் அடங்கும். மச்சானையும் மகளையும் திண்ணையில் உட்காரவைத்து இதைப் பேசினோம். அவர் கேட்ட கேள்விகளுக்கு அவள் பதில் சொன்னாள். "காலேஜுல இதெல்லாமா சொல்லித்தராங்க?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. நிறுத்துகிற பேச்சு அதற்குப் பிறகு அந்த வீட்டில் வரவில்லை.

இப்படி ஒரு கேள்வியாவது, 75இல் ஒரே ஒரு பத்து மார்க்காவது, ஊரைப் பார்த்துக் கேட்கட்டும் என்பதுதான் என் கோரிக்கை. கடலூர்க்காரனுக்கு முந்திரி, பிச்சாவரத்துக்காரனுக்குச் சுரபுன்னை, நீலகிரிக்காரனுக்குத் தேயிலை. எதை வேண்டுமானாலும் எழுதலாம், எந்த மொழியிலும் எழுதலாம், காரணம் சொன்னால் மார்க். விடைக்குறிப்பு எழுதுவது கஷ்டம்தான். கஷ்டப்படட்டும். கேள்வி கேட்கிறவர் கஷ்டப்படாத தேர்வில் பதில் எழுதுகிறவளை மட்டும் கஷ்டப்படச் சொல்வது என்ன நியாயம்?

தேர்வன்றைக்கு நான் பெங்களூர் திரும்பிவிட்டேன். மத்தியானம் ஒன்றரை மணிக்குப் போன் வந்தது. பின்னணியில் பஸ் ஹாரன்.

"நல்லா எழுதியிருக்கேன் மாமா. அரியரும் பாஸ் ஆயிடும். இன்னைக்குப் பேப்பர்ல நம்ம ஃபால்ஸ் ஃப்ரூட் வந்துச்சு."

"அடி சக்கை. பூக்காம்பு, கொட்டை முன்னாடி வர்றது, எல்லாம் எழுதினியா?"

கொஞ்ச நேரம் ஹாரன் சத்தம் மட்டும்.

"இல்ல மாமா. திருத்தறவங்க எந்த ஊரோ, முந்திரி தெரியுமோ தெரியாதோ. ஆப்பிள்னே எழுதிட்டேன்."